ஆறாவது மரியாதை

என் மகளின் பெயர் ஓர் ஆட்டத்தின் தொடக்க ஐவருள் ஒன்றாக அறிவிக்கப்பட்டதை என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அது அவளுடைய இறுதி ஆட்டம். அந்த அறிவிப்புக்குக் காரணமாக இருந்தவன் நான். அதைத் தடுத்துவிட வேண்டும் என்று எறணாகுளத்து உள்ளரங்கில், நிறைந்த கூட்டத்தின் நடுவே, கைகளை ஆட்டிக்கொண்டு நின்றவனும் நானே.

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐவர் களத்தில் ஆடுவர். ஏனையோர் ஓரத்து நாற்காலிகளில் அமர்ந்திருப்பர். பயிற்றுநர் வேண்டும்போது ஒருவரை வெளியே அழைத்து மற்றொருவரை உள்ளே அனுப்புவார். என் மகள் கூடைப்பந்தையே தொழிலாகக் கொண்டவள். களமசேரியில் உள்ள ஒரு நிறுவனம் தன் பெண்கள் அணியில் ஆடுவதற்காகவே அவளைப் பணியில் அமர்த்தியது. அங்கே பதினோர் ஆண்டுகள் ஆடினாள். அந்தப் பதினோர் ஆண்டுகளிலும், இறுதி ஆட்டம் ஒன்றைத் தவிர, அவள் தொடக்க ஐவருள் ஒருத்தியாக நின்றதில்லை. ஓரத்து நாற்காலியிலிருந்து எழுந்து சென்று ஆடும் ஆறாவது ஆட்டக்காரியாகவே இருந்தாள். அதன் பொருட்டே புகழும் பெற்றாள். மலையாள நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் அவளுடைய படம் வரும்போதெல்லாம், அவள் நாற்காலியை விட்டு எழும் கணமே படமாகியிருக்கும். முதல் கால்பகுதி முடியச் சில நிமிடங்கள் எஞ்சியிருக்கையில் அவள் தன் மேற்சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, நாற்காலியின்மேல் வைப்பாள். அதைக் கண்டதும் அரங்கம் எழுந்து நிற்கும். அக்கணத்தில் பந்து எவர் கையில் இருக்கிறது என்பதை ஒருவரும் பார்ப்பதில்லை.

இவற்றையெல்லாம் பிறர் சொல்லக் கேட்டும் படங்களில் கண்டும் எழுதுகிறேன். தொடக்க ஐவரின் பெயர்கள் அறிவிக்கப்படும்போது நான் தலைகுனிந்து என் செருப்பைப் பார்ப்பது வழக்கம். அவள் அமர்ந்திருக்கும் வரையில் என் பார்வை தரையை விட்டு எழுவதில்லை. கூட்டத்தின் ஆரவாரம் காதில் விழுந்த பின்னரே நிமிர்வேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. அது கூடைப்பந்தைச் சேர்ந்ததன்று.

மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எங்களுக்கென்று ஒரு சிறிய கோயில் இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவின் நிறைவு நாளில், தீபாராதனை முடிந்தவுடன், பூசகர் ஒவ்வொரு வீட்டின் பெயராகச் சொல்லி அழைத்து மரியாதை செய்வார். முதலில் அழைக்கப்படும் வீட்டுக்குப் பரிவட்டமும் மாலையும் தேங்காய் மூடியும் உண்டு. அடுத்து வருவோர்க்கு மாலையும் தேங்காயும். பின்னர் மாலை மட்டும். எங்கள் வீடு ஆறாவது. எங்கள் முறை வரும்போது மாலைகள் தீர்ந்திருக்கும். தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சந்தனத்தை விரலால் வழித்துத் தருவார். இந்த வரிசையை யார் வகுத்தார், எதனால் வகுத்தார் என்பது இன்று எவருக்கும் தெரியாது. என் தந்தையார் அதை மாற்றுமாறு கோயில் சபையில் மும்முறை விண்ணப்பித்துத் தோற்றார். ஐந்தாவது வீட்டாரோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார். நானோ பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். இத்தகைய சிறுமைகளைக் கடந்துவிட்டதாக எண்ணியிருந்தேன். அது உண்மையன்று.

மகள் புகழ்பெறத் தொடங்கிய ஆண்டில், திருவிழா முடிந்து வெளியே வரும்போது, முதல் மரியாதைக்குரிய வீட்டின் பெரியவர் என் தோளில் கை வைத்தார். அவர் கழுத்தில் மாலை இருந்தது. ஆசிரியர் எவரையும் இவ்வூரில் மாஷ் என்றுதான் அழைப்பர்.

"எந்தா மாஷே, உங்க வீட்டுக்கு அங்கேயும் ஆறாவதுதானா?"

சுற்றி நின்றோர் சிரித்தனர். அவர் தீயவர் அல்லர். என் பணி ஓய்வு நாளில் வீடு தேடி வந்து வாழ்த்தியவர். என் மனைவி சற்றும் தயங்காமல் விடை சொன்னாள்.

"ஆறாவதா வந்தாலும் கைதட்டு எங்களுக்குத்தான் அண்ணா. உங்களுக்குத் தேங்கா மூடிதானே?"

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அவரும் சேர்ந்து சிரித்தார். அவள் அன்றோடு அதை மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐந்து பெயர்கள் அறிவிக்கப்பட்டு முடியும்போது என் நெற்றியில் தட்டின் ஓரத்துச் சந்தனம் பூசப்படுவதாகவே உணர்ந்தேன்.

அவள் ஆட்டத்தை எனக்கு விளக்க முயன்றவர் ஒருவர் இருந்தார். மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் கடைத்தெருவில் ஒரு சுக்குக் கிடங்கில் மூட்டை சுமப்பவர். எங்கள் தெருக்கோடியில் குடியிருப்பவர். அவரும் தமிழர்தாம், ஆயினும் மூன்று தலைமுறையாக மலையாளம் கலந்த பேச்சு. கொச்சியில் அவள் ஆடிய எந்த ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. வேலை முடிந்த நீலச் சட்டையோடு வந்து என் அருகில் அமர்வார். அவரோடு சுக்கின் காரமும் வந்து அமரும்.

ஒருநாள் அவர் கேட்டார்: "மாஷே, எந்தா கீழ பாக்கறீங்க? ஏதாவது விழுந்து போச்சா?"

"ஒன்றுமில்லை."

"மோள பாருங்க. அங்க அந்த ஏழாம் நம்பர்காரி இருக்காளே, அவ வலத்துப் பக்கம் மாத்திரம்தான் திரும்பறா. மோள் அத கண்டுட்டா, கேட்டோ. இனி இறங்கினா அவள அனங்க விடமாட்டா, ஒரு அடி அசைய விடமாட்டா."

"அவள் அமர்ந்துதானே இருக்கிறாள்?"

"உட்கார்ந்திருக்கறதா! மாஷே, மூட்டை எடுக்கறதுக்கு முன்ன நான் ரெண்டு நிமிஷம் லாரிய பாத்து நிப்பேன். எது சரியும், எத முதல்ல இழுக்கணும்னு. முதலாளி கேப்பார், எந்தாடா சும்மா நிக்கறேன்னு. நான் சும்மாவா நிக்கறேன்?"

"நல்ல உவமை" என்று பாராட்டினேன்.

"உவமையா?" என்று என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் களத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பின் நெடுநாள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவளுடைய வலது முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று இடப்பள்ளியில் ஒரு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துக் கூறினார். அந்த ஆட்டப் பருவத்தோடு நிறுத்திக்கொள்வதே நலம் என்றார். அவள் வாதிடாமல் ஒப்புக்கொண்டாள். பருவத்தின் நிறைவுப் போட்டி எறணாகுளத்திலேயே நடைபெறும் என்ற செய்தி வந்தது. அணி அதற்குத் தகுதி பெற்றதும் எனக்கு ஓர் எண்ணம் உதித்தது. கோயில் சபைக்கு விண்ணப்பித்துத் தோற்ற தந்தையின் மகன் நான். நான் பயிற்றுநருக்கு விண்ணப்பித்தேன்.

பயிற்றுநர் திருநெல்வேலிக்காரர், தமிழ்மீது பெருமதிப்பு உடையவர், என்னைக் காணும்போதெல்லாம் எழுந்து நின்று பேசுபவர். தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நானோ நான்கு நாள் அமர்ந்து, எழுதியும் கிழித்தும், இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை இயற்றினேன். ஒப்புகை அட்டையோடு பதிவஞ்சலில் விடுத்தேன். "பதினோர் ஆண்டுகள் ஓரத்தில் அமர்ந்திருந்த ஒருத்தியை, விடைபெறும் நாளிலேனும் முதல் ஐவருள் ஒருத்தியாக நிறுத்துதல் தங்கள் பெருந்தன்மைக்கு அழகு சேர்க்கும்" என்பது அதில் ஒரு வரி. அவ்வரியின் நடையில் அன்று எனக்கிருந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்று கூச்சமாக இருக்கிறது. இது மகளுக்குத் தெரிய வேண்டா என்றும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒப்புகை அட்டை திரும்பி வருமுன் அவரே அழைத்தார்.

"ஐயா, உங்க கடுதாசியப் படிச்சேன். கண்ணு கலங்கிட்டு. இத்தன வருசம் எனக்கு இது தோணலியேன்னு வெக்கமாப் போச்சு. நீங்க நிம்மதியா இருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

நான் நிம்மதியாக இருந்தேன். ஏறத்தாழ மூன்று வாரம்.

நிறைவுப் போட்டியன்று அணியினர் எறணாகுளத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தனர். மகள் அனுமதி பெற்று நண்பகல் உணவுக்கு வீட்டுக்கு வந்தாள். ஆட்ட நாளில் அவள் கஞ்சியும் பயறும் மட்டுமே உண்பாள். இரண்டு வாய் உண்டபின் தாயிடம் சொன்னாள்:

"அம்மா, இன்னிக்கு ஸ்டார்ட்டிங்ல என்னை இறக்கறாங்க."

"நல்லதுதானே?"

"எனக்கு வேண்டாம்."

என் கை இலைமேல் நின்றது.

"நேத்து மீட்டிங்ல கோச் சொன்னார். எல்லாரும் கைதட்டினாங்க. சின்னக் குட்டிங்க ரெண்டு பேர் அழுதுட்டாங்க. அதுக்கு நடுவுல முடியாதுன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் தனியா போய்ச் சொன்னேன். 'நீ அப்படித்தாம் சொல்லுவ, உன் கொணம் அப்படி'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார்."

"அதில் உனக்கு என்ன குறை, மகளே?" என்று கேட்டேன். "முதலில் நிற்பது பெருமை அல்லவா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தமிழை எவ்வாறு பேசினாலும் அவள் தன் கொச்சித் தமிழில்தான் விடையிறுப்பாள். இருவருக்கும் அது பழகிவிட்டது.

"அப்பா, நான் பாக்காம இறங்கினதே இல்ல. கொஞ்ச நேரம் பாத்தாத்தான் எனக்குக் களி தெரியும், ஆட்டம் பிடிபடும். யாருக்கு எந்தக் கால் வலிக்குது, யாரு யாரப் பாத்து ஒதுங்கறாங்கன்னு. அது தெரியாம நான் அங்க போய் என்ன பண்ண? முட்டி வலிக்கற ஒரு சேச்சி, அவ்வளவுதான்."

கஞ்சியில் கரண்டியால் கோடு இழுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"கடைசியா ஒரு தடவ அந்த ஜாக்கெட்ட மடிச்சு வெச்சுட்டு எழுந்நேக்கணும்னு இருந்தேன். இந்த சீசன் முழுக்க அத மட்டும்தான் நெனச்சிட்டிருந்தேன்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கோச்சுக்கு இது தானா தோணாது. ஆரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றாள்.

நான் ஊறுகாய் கேட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அவள் அதைக் கொண்டுபோய்ப் பயிற்றுநர்முன் வைத்து, என் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று கூறித் தன் நாற்காலியைத் திரும்பப் பெற்றிருப்பாள். அவளுக்குத் தெரியாமலே எல்லாவற்றையும் நேராக்கிவிடலாம் என்று எனக்குள் ஒரு சூழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கிளம்பிச் சென்றதும் மனைவி கதவடைத்துவிட்டு என்முன் வந்து நின்றாள்.

"நீங்கதானே?"

"எதை வைத்துக் கேட்கிறாய்?"

"நாலு நாளு எழுதி எழுதிக் கிழிச்சீங்க. கூடை நிறையக் காகிதம். அடுப்புல போட்டது நான்தான். போங்க. போய்ச் சரி பண்ணிட்டு வாங்க. இப்பவே."

பயிற்றுநரின் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. மும்முறை முயன்றேன். பின்னர் ஜூ டவுனுக்கு நடந்து, கிடங்கு வாசலில் நின்றிருந்த, மூட்டை சுமக்கும் அந்த நண்பரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் தோளிலிருந்த துண்டை உதறினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"இத நீங்க எங்கிட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கலாம் மாஷே" என்று மட்டும் சொன்னார். பிறகு, "மேட்ச் அன்னிக்கு எல்லார் ஃபோனையும் ஒரு சஞ்சியில போட்டுக் கட்டிடுவாங்க. நேர்ல போனாத்தான் காரியம். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் முன்னதான் கோச் மேசைல போய் அஞ்சு பேர குறிச்சுக் கொடுக்கணும். அதுக்குள்ள பிடிச்சா மாத்தலாம். நாலு மணிக்குக் களி. சாயா குடிக்கக்கூட நிக்கண்டாம், வாங்க" என்றார்.

ஆட்டோ தோப்பும்படிப் பாலத்தில் நின்றது. முன்னே ஒரு கொள்கலன் வண்டி பழுதாகிக் கிடந்தது. பாலத்தின் கீழே படகுகள் தடையின்றிப் போய்க்கொண்டிருந்தன. நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவர் என் கையைப் பிடித்து அமர்த்துவதுமாக அரை மணி கழிந்தது. நாங்கள் அரங்கத்தை அடைந்தபோது ஆட்டம் தொடங்க இருபது நிமிடமே இருந்தது.

களத்துக்கு இறங்கும் வாயிலில் காவலர் ஒருவர் தடுத்தார்.

"பாஸ் உண்டோ?"

"நான் ஆட்டக்காரி ஒருத்தியின் தந்தை. பயிற்றுநரை உடனே காண வேண்டும்."

"இங்க வர்றவங்க எல்லாரும் ஆரோடயாவது அச்சன்தான் சாரே. மேல போய் உட்காருங்க."

நண்பர் அவரிடம் மலையாளத்தில் மன்றாடினார். பின்னர் குரலை உயர்த்தினார். பின்னர் மீண்டும் மன்றாடினார். பயனில்லை. மாடிப்படி ஏறி இருக்கைகளின் முன்வரிசைக் கம்பியருகே சென்றோம். எதிர்ப்புறத்தில், களத்தின் நடுக்கோட்டருகே, குறிப்பேட்டு மேசை தெரிந்தது. பயிற்றுநர் அதை நோக்கி நடந்துகொண்டிருந்தார். எங்கோ செண்டை முழங்கத் தொடங்கியது.

நான் இரு கைகளையும் உயர்த்தி, வேண்டா வேண்டா என்று அசைத்தேன். நண்பர் வாயருகே கைகுவித்து, "கோச்சே! கோச்சே!" என்று அலறினார். அருகில் இருந்த இளைஞர்கள் அதைப் புதியதோர் ஆரவாரம் என்று கருதி, செண்டையின் தாளத்துக்கு ஏற்பத் தாமும் "கோச்சே, கோச்சே" என்று கூவினர். அடுத்த வரிசையும் அதைப் பற்றிக்கொண்டது. அந்தக் கூச்சலில் பயிற்றுநர் தலைநிமிர்ந்தார். என்னைக் கண்டுகொண்டார். கண்களில் நீருடன் கைகளை உயர்த்தி நிற்கும் கிழவன் ஒருவனைக் கண்டார். அவர் முகம் மலர்ந்தது. கையிலிருந்த எழுதுகோலோடு இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பி என்னை வணங்கினார். பிறகு குனிந்து ஐந்து பெயர்களுக்கு நேரே குறியிட்டார்.

நான் கைகளை இறக்கவில்லை. இறக்க வேண்டும் என்பதே சிறிது நேரம் தோன்றவில்லை.

அவளுடைய பெயரைத்தான் முதலில் அறிவித்தனர். விளக்குகளை அணைத்து, ஓர் ஒளிவட்டத்தை அவள்மேல் பாய்ச்சினர். அவள் ஓடி வந்தாள். எல்லோருடைய மேற்சட்டைகளையும் ஓர் இளம் ஆட்டக்காரி வாங்கிப் பையில் திணித்தாள். என் மகளுடையதும் அதில் போயிற்று. கூட்டம் கைதட்டியது; எழுந்து நிற்கவில்லை. எழ வேண்டிய நேரம் இதுதானா என்று அதற்குத் தெரியவில்லை. பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

எதிரணியில் ஒரு புதிய பெண் இருந்தாள். நெடிய உருவம். அவளைத் தடுக்கும் பொறுப்பு என் மகளுடையது. இரண்டாம் நிமிடத்தில் நண்பர் எழுந்து கத்தினார்: "மோளே, அவ இடங்கை! இடங்கை!" அவர் இருந்த இடத்திலிருந்து பார்க்கையில் அது தெரிந்தது. களத்தின் ஓரத்தில் இருந்திருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் வலப்புறத்தை அடைத்து நிற்க, அப்பெண் இடப்புறமாய்ப் புகுந்தாள். என் மகள் தாமதித்துப் பாய்ந்து இடித்தாள். தவறு என்று நடுவர் ஊதினார். மறுநிமிடம் மீண்டும் அவ்வாறே ஊதினார். ஐந்து தவறு செய்தவர் மறுபடி ஆட முடியாது என்பது விதி; ஆதலால் இரண்டு ஆனதும் எந்தப் பயிற்றுநரும் வெளியே அழைத்துவிடுவார். அவர் அழைக்கவில்லை. அன்று அவளை அழைப்பது அவமதிப்பாகும் என்று எண்ணியிருப்பார். என் கடிதம் அவரை அவ்வாறு எண்ண வைத்திருந்தது. மூன்றாவது முறையும் ஊதப்பட்ட பின்னரே அழைத்தார்.

அவள் வந்து நாற்காலியில் அமர்ந்தாள். அன்று நான் தலைகுனியவில்லை. வாழ்வில் முதன்முறையாக, அவள் அமர்ந்திருப்பதைக் காண நிமிர்ந்து பார்த்தேன். தேற்ற வந்தவர்கள் அவளைச் சூழ்ந்து நின்றனர். அவர்கள் விலகியபோது அவள் துண்டால் முகத்தை மூடியிருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு மீண்டும் அனுப்பினர். கழற்றி மடிக்க அவளிடம் மேற்சட்டை இல்லை. முழங்கால் இறுகியிருந்தது என்பது அவள் ஓடிய ஓட்டத்தில் தெரிந்தது. இரு முறை அழகாகப் பந்தைக் கடத்தினாள். ஒரு முறை கூடையில் இட்டாள். நண்பர் என் தொடையில் ஓங்கி அடித்தார். கடைசிக் கால்பகுதியின் நடுவில் ஐந்தாவது முறை ஊதப்பட்டது.

அவள் களத்தை விட்டு நடந்து வந்தாள். அப்போதுதான் அரங்கம் எழுந்தது. இனி எழ வேறு நேரம் இல்லை என்பதை அது அறிந்துகொண்டது போலும். அவள் ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் திறம்பட ஆடினர். அணி மூன்று புள்ளி வேறுபாட்டில் வென்றது. கோப்பையை அவள் கையில் கொடுத்துப் படம் எடுத்தனர். அப்படத்தில் நன்றாகவே சிரிக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "பாத்தீங்களா அந்தக் கோச்ச?"

"பார்த்தேன்."

"சொன்னீங்களா?"

"அவர் வணங்கினார்" என்றேன்.

இதோடு முடிந்திருந்தால் மகளுக்கு எதுவும் தெரிந்திராது. பத்து நாள் கழித்து, களமசேரியில் நிறுவனத்தின் அரங்கில் அவளுக்கு விடையளிப்பு விழா நடந்தது. எங்களையும் மேடையில் அமர்த்தினர். பயிற்றுநர் பேச எழுந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த இரண்டு தாள்களை எடுத்தார். மடிப்பைக் கண்டதுமே அறிந்துகொண்டேன். இரண்டு பக்கங்களையும் நான் கோத்த இடத்தில் இன்னும் ஊசித்துளை இருந்தது.

"ஒரு தகப்பன் மனசு எப்படிப்பட்டதுன்னு நீங்க எல்லாரும் கேக்கணும். ஐயாகிட்ட அனுமதி கேக்கல. கேட்டா வேண்டாம்னுதாம் சொல்லுவாக" என்றார்.

நான் எழ முயன்றேன். அதை அடக்கம் என்று கருதிய நிறுவன மேலாளர் என் கையை அன்போடு பற்றி அமர்த்தினார்.

பயிற்றுநர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்தார். தமிழ் தெரியாதோர் பொருட்டு அலுவலகப் பெண் ஒருத்தி ஒவ்வொரு வரியையும் மலையாளத்தில் பெயர்த்துச் சொன்னாள். என் மகளுக்குத் தமிழைவிட மலையாளமே படிக்கவும் எழுதவும் எளிது. என் நடை அவளுக்கு விளங்காமல் போகலாம் என்று எஞ்சியிருந்த ஒரே நம்பிக்கையும் அவ்வாறு போயிற்று. "பதினோர் ஆண்டுகள் ஓரத்தில் அமர்ந்திருந்த ஒருத்தியை" என்ற இடம் இரு மொழிகளிலும் வந்தது. அவையோர் கைதட்டினர். சிலர் கண்ணைத் துடைத்தனர். மகள் என் பக்கம் திரும்பவில்லை. மடியில் வைத்திருந்த பூச்செண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது வாடகை மகிழுந்தில் மனைவி முன்னால் அமர்ந்தாள்; நாங்கள் இருவரும் பின்னால்.

"சினம் கொண்டிருக்கிறாயா?" என்று கேட்டேன்.

"இல்ல அப்பா."

வண்டி இடப்பள்ளி சந்திப்பில் நின்றது. அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"நீங்க என்னோட எத்தன மேட்ச் பாத்திருப்பீங்க?"

"பணி ஓய்வுக்குப் பிறகு, கொச்சியில் நடந்தவற்றுள் ஒன்றையும் விட்டதில்லை."

"நான் உட்கார்ந்திருக்கறப்ப என்ன பாப்பீங்க?"

பொய் சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. "தரையை" என்றேன்.

விளக்கு பச்சையாகி வண்டி நகர்ந்த பிறகு, "அப்பதான் அப்பா நான் விளையாடிட்டிருந்தேன்" என்றாள். சினம் இல்லை அந்தக் குரலில். ஊருக்குப் புதியவருக்கு வழி சொல்வது போன்றிருந்தது.

அவ்வாண்டுத் திருவிழாவில், ஆறாவதாக அழைக்கப்பட்டுச் சந்தனம் பெற்றுத் திரும்பியபோது, முதல் வீட்டுப் பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "கேட்டேன் மாஷே, கேட்டேன்! கடைசியில மோள் முதல்ல வந்துட்டாளே!" என்று சொல்லித் தம் கழுத்து மாலையைக் கழற்றி என் கையில் தந்தார். உளமார்ந்த செயல் அது. மறுக்க வழி தெரியவில்லை. தலைமுறைகளாக எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாலை. மனைவி அதை வாங்கிச் சன்னல் கம்பியில் மாட்டினாள். அங்கேயே அது வாடி உதிர்ந்தது.

மகள் இப்போது நாள்தோறும் களமசேரி அலுவலகத்தில் மேசை வேலை பார்க்கிறாள். மாலையில் வந்து முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு தாயோடு தொலைக்காட்சி பார்க்கிறாள். என்னிடம் முன்போலவே பேசுகிறாள். மன்னிப்புக் கேட்டேன், "விடுங்கப்பா" என்றாள். அதற்குமேல் எங்களிடையே செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கிடங்கு நண்பரிடம் அவள் ஆடிய பழைய ஆட்டங்களின் காணொளிகள் இருந்தன. கேட்டதும் எல்லாவற்றையும் என் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தார். காலையில் சாயா குடித்தபின் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அவள் களத்தில் இறங்கிய பிறகு நிகழ்ந்தவை எனக்குத் தெரியும், அவற்றைத் தள்ளிவிடுகிறேன். அவள் அமர்ந்திருந்த அந்தத் தொடக்க நிமிடங்களைத்தான் பார்க்கிறேன். ஆனால் படம் எடுத்தவர்கள் பந்தின் பின்னாலேயே போயிருக்கிறார்கள். பந்து ஓரமாக வரும் வேளையில், கண்ணிமைக்கும் நேரம், நாற்காலி வரிசை தெரிகிறது. உடனே நிறுத்திவிட்டு முகத்தருகே வைத்துப் பார்க்கிறேன். மூன்றாவது நாற்காலியில் ஒரு முழங்கால், அதன்மேல் ஒரு துண்டு. சில ஆட்டங்களில் துண்டைப் பற்றிய விரல்களும் தெரிகின்றன. முகம் வரை படம் எட்டுவதில்லை.